அந்தப் பக்கம் பிரேக் இல்லை

அத்தியாயம் பதினேழு

எரிந்துபோன காரில் கடைசியாக என்ன மிஞ்சும் என்பது அவளுக்குத் தொழில்முறையிலேயே தெரியும். கண்ணாடி உருகி வழியும். சீட் கரியாகும். டயர் இருந்த இடத்தில் கம்பிச் சுருள் கிடக்கும். குழந்தை இருக்கையில் பெல்ட்டைப் பூட்டுகிற பக்கிள் மட்டும் எப்படியோ தப்பித்துவிடும்.

ஒன்பது நாளைக்கு முன் அந்தப் பக்கிளைத் தன் சொந்தக் காரின் சாம்பலிலிருந்து எடுத்தபோது, ஊரார் வண்டிக்கெல்லாம் சேத அறிக்கை எழுதிய அந்தக் கை அதைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டது.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்று போலீஸ் கேட்டது.

"இல்லைங்க" என்றார் கணவர்.

"சந்தேகம் இல்ல. தெரியும்" என்றாள் அவள். "எங்க அண்ணன்."

அண்ணனுக்குக் கட்டடம் இடிக்கிற வேலை. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவன் 'சம்மட்டி'. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சுவரை இடிக்கிற கையால் பெண்டாட்டியின் தாடையை உடைத்தான். விழுந்தவளின் இடுப்பில் ஏறி மிதித்தான். கோர்ட்டில் சொந்தபந்தம் அத்தனையும் வரிசையாக வந்து "மாடிப்படியில வழுக்கிட்டா" என்றது. கூடப்பிறந்தவள் மட்டும் கூண்டில் ஏறிப் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். அவன் உள்ளே போனான். அண்ணி தாடையில் தகடு வைத்துக்கொண்டு கண்காணாத இடத்துக்குப் போனாள். அது எந்த இடம் என்பது ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது அவன் வெளியே வந்துவிட்டான். அவனுக்கு வேண்டியது அந்த விலாசம்.

கார் எரிந்த மறுநாள் போன் வந்தது.

"உள்ள யாரும் இல்லாம போச்சாமே தங்கச்சி."

"போலீஸ்ல சொல்லிட்டேன்."

"சொல்லு, சொல்லு. சொல்றதுதான உனக்குத் தொழிலு." சிரித்தான். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. உனக்கும் நம்ம அப்பாவோட கைதான். எனக்குச் சந்தர்ப்பம் சீக்கிரம் வந்துச்சு, உனக்கு இன்னும் வரல. நமக்குள்ள வித்தியாசம் அவ்வளவுதான்."

அந்த வாக்கியம் காதுக்குள் போன பூச்சி மாதிரி எட்டு நாளாகக் குடைந்துகொண்டே இருந்தது. அதோடுதான் இந்தச் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, இடுப்பில் பதினாலு மாதப் பெண்ணும் தோளில் புதுக் குழந்தை இருக்கையுமாக அவள் கார் ஷோரூமுக்குள் நுழைந்தாள். பின்னாலேயே மடக்கிய தள்ளுவண்டியோடு கணவர்.

"பின் கதவு எத்தனை டிகிரி திறக்கும்?" என்றாள் எடுத்த எடுப்பில்.

டை கட்டிய விற்பனையாளர் இருபது வருஷ அனுபவசாலி. கலர் கேட்பார்கள், மைலேஜ் கேட்பார்கள். டிகிரி கேட்ட முதல் ஆள் இவள்தான்.

"நல்லாத் திறக்கும் மேடம்."

"நல்லான்னா எவ்வளவு?"

"சார், மேடம் என்ன வேலை பாக்கறாங்க?"

"இன்சூரன்ஸ் சர்வேயர்" என்றார் கணவர். "இனிமே நீங்க எதைச் சொன்னாலும் டேப் வெச்சு அளப்பாங்க. தயாரா இருங்க."

சொன்னபடியே டேப் வெளியே வந்தது. இடுப்பிலிருந்து இறங்கிய பெண் அதன் முனையைப் பிடித்துக்கொண்டு ஷோரூம் முழுக்க ஓடினாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. இதுவரை அவளுக்கு வந்த ஒரே சொல் "போ". கதவுக்கும் போ, நாய்க்கும் போ, காருக்கும் போ.

கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பன்னிரண்டு வருஷமாக, தன் பக்கமும் ஒரு பிரேக் பெடல் வைத்த வண்டியில் உட்கார்ந்து, மற்றவர்கள் செய்யப்போகிற தப்பையெல்லாம் அரை நொடி முன்னாலேயே மிதித்து நிறுத்துகிறவர். அவளும் அவரிடம் கற்றுக்கொண்டவள்தான். லைசென்ஸ் வாங்கின கையோடு மாஸ்டரையும் வாங்கிக்கொண்டாள் என்று தோழிகள் கேலி செய்வார்கள்.

"நமக்கு எதுக்கு இந்தச் சீறுற வண்டி?" என்று அவர் அவள் காதருகே முனகினார். "அங்க நிக்குது பாரு ஏழு சீட்டு. டிக்கியில ஒரு கட்டிலே போடலாம்."

"அது நூறைத் தொடறதுக்குள்ள வாலு காலேஜ் முடிச்சிடுவா."

"குடும்பத்துக்குத்தானே கார் வாங்கறோம்?"

"குடும்பத்துக்குத்தான் வாங்கறேன்." அவள் டேப்பைச் சுருட்டினாள். "ஓடித் தப்பிக்கிற வேகம் வேணும். ஓடும்போது வாலு பின்னாடி ஆடாம இருக்கணும். ரெண்டும் ஒரே வண்டியில வேணும்."

அவர் மடக்கிய தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு டிக்கிப் பக்கம் போனார்.

வண்டி ஆளைக் கவரத்தான் செய்தது. தரையோடு ஒட்டிய நாலு கதவு செடான். கறுப்பு. கூரை பின்பக்கம் சரிந்துகொண்டே போய் டிக்கியில் முடிந்தது. அந்தச் சரிவில் வாலுவின் தலை ஒரு தரம் முட்டியது. தள்ளுவண்டியின் ஒரு சக்கரத்தைக் கழற்றினால்தான் டிக்கி மூடியது. குழந்தை இருக்கையை இடது பக்கம் பின்னால் பொருத்தி, கொக்கி இரண்டையும் இழுத்துப் பார்த்து, தன் எடையையே அதன் மேல் போட்டுக் குலுக்கினாள். அசையவில்லை. ஆனால் அதற்கு இடம் கொடுக்க, முன் சீட்டை முன்னால் தள்ளவேண்டியிருந்தது.

கணவர் அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் இரண்டும் டேஷ்போர்டில் முட்டின.

"மடக்கி வெச்ச குடை மாதிரி இருக்கீங்க" என்றாள்.

"குடைக்கு வலிக்காது."

கடைசியாக அவள் வண்டியின் அகலத்தை அளந்தாள். ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. ஏன் அளந்தாள் என்று அப்போது கேட்டிருந்தால், பழக்கம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

டெஸ்ட் டிரைவ் படிவத்தில் கணவரின் லைசென்ஸ் நம்பர் ஏறியது. வாலு கொக்கிக்குள் அடங்கினாள். அவள் பக்கத்தில் விற்பனையாளர் ஒடுங்கி உட்கார்ந்தார். அதுவரை பிள்ளையோடு பின்னால் உட்காருவதாக இருந்தவள், "முதல்ல மாஸ்டர் ஓட்டட்டும்" என்று அந்தக் குடைச் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

ஷோரூம் வாசலுக்கு எதிரே இடிபாடு ஏற்றுகிற சிவப்பு லாரி ஒன்று நின்றிருந்தது. பக்கத்தில் ஏதோ கட்டடம் இடிக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள். தினமும் நசுங்கலைத் தேடுகிற கண், அன்றைக்கு இடிந்த கட்டடம் எங்கே என்று தேடவில்லை.

"எந்தப் பக்கம்?" என்றார் கணவர்.

"எப்பவும் ஒரே ரூட்தான் சார். மெயின் ரோடு, பாலம், அப்புறம் குடோன் ரோடு. அங்க ஆளே இருக்காது, வேகம் பார்க்கலாம். எல்லாக் கஸ்டமரையும் அங்கதான் கூட்டிட்டுப் போறோம்."

எல்லாக் கஸ்டமரையும். ஒருவன் வாசலில் இரண்டு நாள் நின்று பார்த்தால் போதும்.

கணவர் நாற்பதைத் தாண்டவில்லை. கண்ணாடி பார்த்தார், சிக்னல் போட்டார், வராத வண்டிக்கு வழிவிட்டார். விற்பனையாளர் மரியாதையாகக் கொட்டாவியை அடக்கினார். பாலத்தடியில் இருவரும் இடம் மாறினார்கள். இப்போது ஸ்டியரிங் அவளிடம். கணவர் மடக்கிய குடையானார்.

குடோன் ரோட்டில் திரும்பியதும் 'ஸ்போர்ட்' பொத்தானை அழுத்தினாள். வண்டி உறுமிப் பாய்ந்தது. முதுகு சீட்டோடு ஒட்டியது.

"போ" என்றது பின்னாலிருந்து ஒரு குரல், ஆனந்தமாக. "போ, போ."

கணவரின் வலது கால் தரையை மிதித்தது. மறுபடி மிதித்தது.

"மாஸ்டர், அந்தப் பக்கம் பிரேக் இல்ல."

"எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரியல."

ஒன்பது நாளில் முதல் முறையாக அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடியவில்லை, ரோட்டின் கடைசி வளைவு வந்தது. இரண்டு பக்கமும் குடோன் சுவர். நடுவில் ஒருத்தன் நின்றிருந்தான். தோளில் சம்மட்டி.

அந்தக் கணத்தில் அவள் செய்தது, அவரிடம் ஓட்டக் கற்ற ஒருத்தி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஆபத்து என்றால் மாஸ்டர் மிதித்துவிடுவார் என்று என்றோ ஊறிப்போன பழக்கத்தில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். அவரும் மிதித்தார். முழு பலத்தோடு, வெறும் தரையை.

அரை நொடி போயிற்று. பிறகுதான் அவள் கால் பிரேக்குக்குப் போனது. டயர் அலறியது. அண்ணனின் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

அவன் ஒரு அடிகூட நகரவில்லை.

"நல்ல வண்டி" என்றான். சம்மட்டி பானெட்டில் இறங்கியது. வண்டி முழுக்க அதிர்ந்தது. வாலு வீறிட்டாள்.

இரண்டாவது அடி கணவர் பக்கத்துக் கண்ணாடியில். சில்லுகள் மழையாகக் கொட்டின. ஜன்னல் வழியாக ஒரு கை வந்து அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து டேஷ்போர்டில் மோதியது. ஒரு தரம். இரண்டாம் தரம் எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. மூக்கிலிருந்து ரத்தம் கொப்பளித்துச் சட்டையில் வழிந்தது.

"சௌக்கியமா மாப்ள? பேசிட்டு அனுப்பிடறேன். தங்கச்சி, விலாசம்."

"விடுண்ணே. அவரை விடு."

"விலாசத்தைச் சொல்லு, விடறேன்." மூன்றாம் தரம் மோதினான்.

அவள் ரிவர்ஸில் போட்டு மிதித்தாள். வண்டி பின்னால் பாய்ந்தது. ஜன்னல் விளிம்பில் மீதமிருந்த கண்ணாடி அண்ணனின் கையை முழங்கை வரை கிழித்தது. அவன் உருண்டு விழுந்தான். எழுபது, எண்பது அடி பின்னால் வந்திருப்பாள். பின்பக்கக் கேமரா திரை முழுக்கச் சிவப்பாகியது. ஷோரூம் வாசலில் பார்த்த அதே லாரி. சுவரிலிருந்து சுவர் வரை குறுக்கே வந்து நின்றிருந்தது.

மிதித்து நிறுத்தினாள்.

"குழந்தையைப் பாருங்க" என்று கத்தினாள்.

அதைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. விற்பனையாளர் பெல்ட்டைக் கழற்றி, தன் உடம்பு முழுவதையும் வாலுவின் மேல் கவிழ்த்துக் கிடந்தார். முகத்தைக் குழந்தையின் கழுத்தில் புதைத்திருந்தார். "எனக்கும் ரெண்டு இருக்கு மேடம்" என்று சம்பந்தமில்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அண்ணன் எழுந்தான். ஒழுகுகிற கையை உதறினான். சம்மட்டியை எடுத்து, தோளில் போடாமல், தார்ரோட்டில் தரதரவென்று இழுத்தபடி நடந்து வந்தான். அவசரமே இல்லாத நடை. பாதி தூரத்தில் நின்று, சம்மட்டியைத் தூக்கி வண்டியின் பின் ஜன்னலைக் காட்டினான். வாலு இருக்கிற ஜன்னல்.

"அடுத்தது அது" என்றான்.

இதற்குப் பிறகு நடந்தது மூன்றே நொடி. ஆனால் அந்த மூன்று நொடியில் அவள் பார்த்ததெல்லாம், அளந்து எழுதியது போல அவளுக்குள் நின்றுவிட்டது.

அவனுக்கும் வலது பக்கச் சுவருக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. ஏழு அடி. பதினோரு வருஷமாகக் கண்ணாலேயே அளந்து பழகியவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. வண்டியின் அகலம் ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. காலையில்தான் அளந்தாள். ஸ்டியரிங்கை ஒரு கால் வட்டம் வலது பக்கம் திருப்பினால் போதும். உரசிக்கொண்டாவது போய்விடலாம்.

கியர் விழுந்தது. கணவர் ரத்தத்தோடு ஏதோ சொன்னார். அவர் வலது கால் தரையைத் துளைக்கிற மாதிரி மிதித்தது.

அவள் காலும் மிதித்தது. வேறு பெடலை.

ஸ்டியரிங் திரும்பவில்லை.

பம்பர் அவன் கால்களைத் தட்டிய சத்தம் காய்ந்த விறகு ஒடிகிற சத்தமாக இருந்தது. உடம்பு பானெட்டில் ஏறியது. தலை முன் கண்ணாடியில் மோதி, சிலந்தி வலை மாதிரி ஒரு வட்டம் விட்டு, ஓரமாகச் சரிந்தது. சம்மட்டி கூரையில் தடதடவென்று உருண்டு பின்னால் விழுந்தது. காற்றுப் பைகள் வெடித்து வெள்ளைப் புகை கிளம்பியது.

வண்டி நின்றது. எப்படி நின்றது என்று அவளுக்குத் தெரியாது.

முதலில் வந்த நினைப்பு கூசவைத்தது. 'முன் பம்பர் மாற்றவேண்டும். பானெட் மாற்றவேண்டும். முன் கண்ணாடி மாற்றவேண்டும்.' அறிக்கை தானாக ஓடியது. பிறகுதான் பின்னால் திரும்பிப் பார்த்தாள். விற்பனையாளரின் முதுகில் கண்ணாடிச் சில்லு. அவருக்கு அடியிலிருந்து வாலுவின் சின்னக் கை வெளியே வந்து, அவர் டையைப் பிடித்து இழுத்தது.

பின்னால் லாரியில் இருந்த அவன் கூட்டாளி அதைத் திருப்பிக்கொண்டு தலைதெறிக்க ஓடிப்போனான்.

ஆம்புலன்ஸ் வந்தது. போலீஸும் வந்தது. அண்ணனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே வேறு திசையில் கிடந்தன. உயிர் இருந்தது. அவளைக் கடக்கும்போது கண்ணைத் திறந்தான். பல்லெல்லாம் ரத்தம். சிரித்தான்.

"வந்துச்சா?" என்றான்.

பக்கத்தில் நின்ற யாருக்கும் அது புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது.

குடோன் படியில் உட்காரவைத்திருந்த கணவரின் மூக்கில் பஞ்சு அடைத்திருந்தார்கள். பெண் இன்ஸ்பெக்டர் ஷோரூம் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் குனிந்தார்.

"சொல்லுங்க சார். என்ன ஆச்சு?"

"பிரேக் அடிச்சேன் மேடம். முழுசா அடிச்சேன். என் காலைப் பாருங்க, இன்னும் இழுத்துப் பிடிச்சிருக்கு. பிடிக்கவே இல்ல மேடம். பன்னிரண்டு வருஷத்துல ஒரு தடவைகூட எனக்குப் பிடிக்காம போனதில்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம். மூன்று தரம் மோதிய தலைக்குள் இப்போது தன் பக்கம் பிரேக் இருந்தது. அதை அவர் மிதித்தார். அது ஏமாற்றிவிட்டது.

இன்ஸ்பெக்டர் படிவத்தைப் பார்த்தார். அதில் அவருடைய லைசென்ஸ். ஓட்டினவர் இவர்தான் என்று எழுதிக்கொண்டார்.

விற்பனையாளர் நிமிர்ந்தார். அவர் பார்வை அவள் மேல் வந்து நின்றது. பாலத்தடியில் இடம் மாறியது அவருக்குத் தெரியும். வாலு அவர் மடியில் டையைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து குழந்தையின் வாயிலிருந்து டையை மெதுவாக எடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அவள் வாயைத் திறந்தாள். 'நான்தான் ஓட்டினேன்.' இரண்டே வார்த்தை.  சொன்னால் அடுத்த கேள்வி, "ஏன் ஒதுங்கிப் போகல?" அதற்குப் பதில் இருந்தது, அதைச் சொன்னால் வாலு அம்மா இல்லாமல் வளரவேண்டும்.

"கவலைப்படாதீங்கம்மா" என்று இன்ஸ்பெக்டரே அவள் தோளைத் தொட்டார். "அந்த ஆளோட சம்மட்டியை நாங்களே பாத்துட்டோம். ஆனா அவன் பிழைக்கலைன்னா கேஸ் வேற மாதிரி ஆகும். இந்தப் புது வண்டிகள்ல ஒரு பெட்டி இருக்காமே? மோதறதுக்கு முந்தின அஞ்சு செகண்டு எல்லாம் அதுல பதிஞ்சிருக்குமாம். பிரேக் பிடிக்கலைன்னா அதுலயே தெரிஞ்சிடும். உங்க வீட்டுக்காரருக்கு அதுதான் பாதுகாப்பு."

"ஆமா" என்றாள் அவள்.

அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கும் என்று அவளைவிடத் தெரிந்தவர் யார்? பிரேக்: இல்லை. ஆக்ஸிலரேட்டர்: நூறு சதவீதம். ஸ்டியரிங் கோணம்: பூஜ்யம். எந்தக் கால் என்று பெட்டி சொல்லாது. படிவம் சொல்லும். கணவருடைய கால்.

மூன்று மணிக்கு மருத்துவமனை வராந்தா. கணவர் மூக்கில் கட்டோடு பெஞ்சில் சாய்ந்திருந்தார். வாலு அவர் நெஞ்சில் தூங்கிப்போயிருந்தாள். இரண்டு கதவு தள்ளி, உள்ளே அண்ணனுக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது.

அவள் பைக்குள் போன் அதிர்ந்தது. ஆபீஸ். சர்வேயர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற பெண்.

"அக்கா, லீவு நாள்ல கூப்பிடறேன், திட்டாதீங்க. நாளைக்குக் காலையில ஒரு அவசர வேலை. ஏதோ ஷோரூம் டெமோ வண்டியாம், கறுப்பு செடான், ஆள் மேல ஏறிடுச்சாம். ஓட்டினவர் பேரு இன்னும் வரல, கட்டம் காலியா இருக்கு. பிரேக் பிடிக்கலைன்னு சொல்றாராம். ஸ்டேஷன்ல போய், போலீஸ் முன்னாடி பெட்டியைத் திறந்து படிச்சுக் கையெழுத்துப் போடணும். பெட்டி படிக்க நம்மகிட்ட உங்களை விட்டா புதுசா வந்தவர் ஒருத்தர்தான். அவரைப் போடட்டுமா?"

 பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறவள் என்றுதான் மூன்று வருஷத்துக்கு முன் கோர்ட்டே அவளை நம்பியது.

பெஞ்சில் கணவர் கண்மூடி இருந்தார். தூக்கத்திலும் அவருடைய வலது கால் வராந்தாத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அவள் குனிந்து அந்த முழங்காலில் கை வைத்துப் பார்த்தாள். கால் தளரவில்லை.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"வேற யாரையும் போடாத" என்றாள். "நானே போறேன்."